டெக் வாடகைக்கு எடுத்த காலமும் கஜாவில் நனைந்த கேசட்டும்

(எபிசோடில் பேசியதை வாசிப்பதற்காகக் கொஞ்சம் சீராக்கிய வடிவம் இது. இருமல், ‘ஆ... வந்து...’ எல்லாம் வெட்டப்பட்டுவிட்டன.)

புதுக்கோட்டைன்னு சொன்னதும் தொண்டைமான் கதை, சித்தன்னவாசல், குடுமியான்மலை இசைக் கல்வெட்டுன்னு எதிர்பார்த்திருப்பீங்க. இன்னைக்கு அது எதுவும் இல்லை. நம்ம வீட்டு பீரோ மேல, துணி மூட்டைக்குப் பின்னாடி, ‘கல்யாணம்’னு மார்க்கர்ல எழுதி ஒரு கறுப்பு டப்பா கிடக்கும் பாருங்க, அதோட வரலாறுதான்.

முதல்ல ஒரு வார்த்தை. என் வயசுக்காரங்க அதை விசிஆர்னு சொல்றோம். எங்க அப்பா தலைமுறை அப்படிச் சொல்லவே இல்லை. அவங்களுக்கு அது ‘டெக்’. “டெக் எடுத்துப் படம் போடலாம்” என்பதுதான் வாக்கியம். ஒரு ராத்திரிக்கு டெக்கும் கலர் டிவியும் மூணு கேசட்டும் சேர்த்து வாடகைக்கு வரும். தெருவே காசு போடும். விடியும்வரை படம். காலையில கடைக்காரர் வந்து எடுத்துட்டுப் போயிடுவார்.

இந்தப் பொட்டி புதுக்கோட்டைக்கு எப்படி வந்துச்சு? ஜப்பானின் ஜேவிசி நிறுவனம் விஎச்எஸ் முறையை 1976-இல் கொண்டுவந்தது. சோனியின் பீட்டாமேக்ஸ் அதுக்கு ஒரு வருஷம் மூத்தது. இந்தியாவில் 1982 டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டித்தான் கலர் ஒளிபரப்பு வந்தது. அந்த நேரத்தில் புதுக்கோட்டையில் டிவி வாங்கினால் அதில் என்ன பார்ப்பது என்பதே கேள்வி. சென்னை தூர்தர்ஷன் 1975-இல் தொடங்கிவிட்டாலும் அதன் அலை இவ்வளவு தூரம் எட்டாது. மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், மீமிசல் பக்கம் கடற்கரையில் இருந்தவர்கள் உயரமான கம்பத்தில் ஆன்டெனா கட்டி, 1982-இல் தொடங்கிய இலங்கை ரூபவாஹினியைப் பிடித்துப் பார்த்தார்கள். கோடைக்கானல் ஒளிபரப்புக் கோபுரம் வந்த பிறகுதான் நம்ம மாவட்டத்துக்கு உருப்படியா டிவி வந்தது.

அந்த இடைவெளியை நிரப்பியது டெக். அதைக் கொண்டுவந்தது பெரும்பாலும் சபுராளிகள். வளைகுடாவிலும் சிங்கப்பூர், மலேசியாவிலும் வேலை பார்த்துவிட்டு ஊருக்கு வருபவர்களை எங்க பக்கம் அப்படித்தான் சொல்வோம். பெட்டியில் சென்ட் பாட்டில், டார்ச் லைட், தைலம், கூடவே ஒரு டெக். நமக்கு ஒரு அதிர்ஷ்டமும் இருந்தது. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, வளைகுடாவின் பெரும்பாலான நாடுகள் எல்லாமே பால் என்ற ஒரே ஒளிபரப்பு முறையைப் பயன்படுத்தின. அதனால் அறந்தாங்கியில் எடுத்த கல்யாண கேசட்டை அபுதாபியில் அப்படியே போட்டுப் பார்க்கலாம். கனடா போன சொந்தக்காரருக்கு அந்த வசதி இல்லை. அங்கே முறை வேறு, மாற்றிப் பதிவு செய்து அனுப்பணும்.

அரசாங்கமும் சும்மா இல்லை. டெக்கில் படம் காட்டுவதை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாடு 1984-இலேயே தனிச் சட்டம் போட்டது. அதே வருஷம் மத்தியப் பதிப்புரிமைச் சட்டத்திலும் வீடியோவுக்காகத் திருத்தம் வந்தது. 2004-இல் திருட்டு வீடியோ ஆசாமிகளைக் குண்டர் சட்டத்துக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். ஆக, வீடியோ கேசட்டைப் பற்றி நம்ம அரசு ஆவணங்களில் இருப்பது பெரும்பாலும் சினிமாவைத் திருடிய கதை. வீட்டில் எடுத்த கேசட்டைப் பற்றி யாரும் எழுதி வைக்கலை. அது யாருக்கும் நஷ்டம் தராத சரக்கு, அதனால் எந்த ஆவணத்திலும் இடமில்லை. எனக்கு அதில்தான் ஆர்வம்.

அந்த டப்பாவுக்குள்ள என்ன இருக்கு

சரி, கொஞ்சம் இன்ஜினியரிங். பயப்படாதீங்க, கணக்கு சின்னதுதான்.

உள்ளே இருப்பது அரை அங்குல அகல பாலியெஸ்டர் நாடா. அதன்மேல் இரும்பு ஆக்சைடு துகள் பூசியிருக்கும். துகளை நாடாவோடு பிடித்து வைத்திருப்பது ஒரு பாலியூரித்தேன் பசை. கடலை மிட்டாயை நினைச்சுக்கோங்க. கடலைதான் படம், பாகுதான் பசை. மழைக்காலத்தில் டப்பாவைத் திறந்து வைத்தால் மிட்டாய் இளகிப் பிசுபிசுன்னு ஆகும் இல்லையா? பசையும் காற்றின் ஈரத்தை இழுத்து மெதுவா அப்படி ஆகும். நாடாவின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஓடவிட்டால் துகள் உரிந்து ஹெட்டில் அப்பிக்கும்.

நாடா நகர்வது ரொம்ப மெதுவா, வினாடிக்கு 23.39 மில்லிமீட்டர். அந்த வேகத்தில் படத்தைப் பதிய முடியாது. அதனால் ஹெட்டை ஒரு உருளையில் பொருத்தி, அதைச் சாய்வாக வைத்து, வினாடிக்கு 25 தடவை சுழல விட்டார்கள். ஹெட் நாடாவின் கீழ் ஓரத்தில் தொடங்கி மேல் ஓரம் வரை சாய்வாகக் கோடு போடும். ஒரு கோட்டின் நீளம் பத்து சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரு கோடுன்னா 50-இல் ஒரு பங்கு வினாடிப் படம். கோட்டின் தொடக்கம் திரையின் மேல் பகுதி, முடிவு திரையின் கீழ்ப் பகுதி.

படத்துக்கு நடு இடம் முழுக்கக் கொடுத்துட்டாங்க. மிச்சமிருந்த ஓரங்களில்தான் மற்றது. மேல் ஓரத்தில் ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்குச் சத்தம். கீழ் ஓரத்தில், அதைவிடக் குறுகலாக, ‘கன்ட்ரோல் டிராக்’. எந்தக் கோடு எங்கே தொடங்குதுன்னு டெக்குக்குச் சொல்ற தாளம் அது. அது போச்சுன்னா படம் இருந்தும் டெக்குக்கு எங்கே தேடுறதுன்னு தெரியாது.

இதை ஏன் இவ்வளவு விளக்குறேன்னா, தண்ணீரும் பூஞ்சையும் ஓரத்திலிருந்துதான் உள்ளே வரும்.

கீரமங்கலம் பக்கத்துக் கேசட்

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்து உள்ளே வந்தது. புதுக்கோட்டை மாவட்டத்தில் கறம்பக்குடி, ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பக்கமெல்லாம் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. மரத்தை எண்ணினாங்க, வீட்டை எண்ணினாங்க, மாட்டை எண்ணினாங்க. டிரங்குப் பெட்டிக்குள் நனைந்ததை எந்தக் கணக்கெடுப்பிலும் கேட்க மாட்டாங்க.

நம்ம நேயர் ஒரு அக்கா, பெயர் வேண்டாம், கீரமங்கலம் பக்கம். ஓட்டு வீட்டின் ஒரு பக்கம் பறந்துபோய், டிரங்குப் பெட்டியில் இரண்டு நாள் தண்ணீர் நின்றிருக்கு. அதில் மூணு கேசட். ஒன்று அவங்க அப்பா அம்மா கல்யாணம், 1993. அக்காவுக்கு மூணு வயசாக இருக்கும்போது அப்பா சிங்கப்பூரில் வேலை செய்த இடத்திலேயே இறந்துட்டார். போட்டோ இருக்கு. ஆனால் அவர் நடந்து, திரும்பி, சிரிப்பது அந்த ஒரு கேசட்டில்தான். அம்மா அதை வெயிலில் காய வைத்திருக்காங்க. அப்புறம் யாரோ உதவி பண்றேன்னு பக்கத்து ஊர் டெக்கில் போட, டெக் நாடாவைத் தின்னுடுச்சு. அதோட மூடி வைத்ததுதான்.

நான் கேசட்டை எடுத்துக்கொண்டு புதுக்கோட்டை டவுனில் எனக்குத் தெரிந்த பழைய ஸ்டுடியோ அண்ணன்கிட்ட போனேன். பேனசானிக் கேமராவைத் தோளில் தூக்கிக்கொண்டு நூற்றுக்கணக்கான கல்யாணம் எடுத்தவர். இப்போ பாஸ்போர்ட் போட்டோவும் ஜெராக்ஸும்தான். கேசட்டை வாங்கி ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தார். சின்னக் கண்ணாடி வழியா நாடாச் சுருளின்மேல் வெள்ளையா, மாவு தூவின மாதிரி.

“தம்பி, இதை எந்த டெக்லயும் போட்டுறாதீங்க. ஃபங்கஸ் டெக்குக்குள்ள போயிரும். அப்புறம் அந்த டெக்ல போடுற எல்லாக் கேசட்டுக்கும் ஒட்டும்.”

இதுதான் முதல் பாடம். ஆர்வக் கோளாறில் ‘ஓடுதான்னு பார்ப்போம்’னு போடுவதில்தான் பாதிக் கேசட்டுகள் சாகின்றன.

செய்தது இவ்வளவுதான். மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இரண்டு வாரம். ஈரம் போனால் பூஞ்சை தூங்கிவிடும், சாகாது, ஆனால் பொடியாகத் தட்டிவிடலாம். பிறகு முகமூடி போட்டுக்கொண்டு, மொட்டை மாடியில், கேசட்டின் அடியில் உள்ள ஐந்து திருகாணிகளைக் கழற்றித் திறந்தோம். மென்மையான பிரஷ்ஷால் ஓரத்தைத் துடைத்தோம். பிறகு கையால் மெதுவாகச் சுற்றிக்கொண்டே, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சு உதிராத துணியால் இருபக்கமும் ஒற்றி எடுத்தோம். மூன்று மணி நேர கேசட்டில் நாடா சுமார் 250 மீட்டர். எங்களுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆச்சு. அண்ணனுக்குச் சிரிப்பு. “அப்பல்லாம் ஹெட்டு அழுக்கானா புது நோட்டை வச்சுத் துடைச்சு ஓட்டிருவோம் தம்பி!” (வீட்டில் யாராவது இன்னும் அப்படிச் செய்தால் தடுத்துடுங்க.)

சுத்தமான நாடாவை வேறொரு நல்ல கேசட் கூட்டுக்குள் மாற்றினோம். தொடக்கத்தில் ஒளி ஊடுருவுகிற லீடர் துண்டு அறுந்திருந்தது. அதை ஒட்டுவது சுலபம், அங்கே படமே கிடையாது. ஒட்டுவதற்கு என்றே உள்ள ஸ்பிளைசிங் டேப்பை, படம் இல்லாத முதுகுப் பக்கம் போடணும். சாதா செலோ டேப் கூடவே கூடாது. நம்ம ஊர் வெயிலில் அதன் பசை கசிந்து ஹெட்டில் ஒட்டும்.

சிக்கல், டெக் தின்ற இடம். ஒரு சாண் நீளத்துக்கு, கீழ் ஓரம் மட்டும் கசங்கி விசிறி மடிப்பா இருந்தது. அண்ணன் வழக்கப்படி சொன்னார்: “வெட்டிட்டு ஒட்டிரலாம். ஹெட்டு தப்பிக்கும்.”

ஒரு சாண்னா எவ்வளவு? வினாடிக்கு 2.3 சென்டிமீட்டர் கணக்கில் பத்து வினாடி. அது மட்டும் இல்லை. கோடுகள் சாய்வாக இருப்பதால், நாடாவை நேராக வெட்டினால் ஒரே வெட்டில் சுமார் 200 கோடுகள் அறுபடும். அதாவது, எவ்வளவு நுணுக்கமாக ஒட்டினாலும், அந்த இணைப்பைத் தாண்டும்போது நாலு வினாடிக்குத் திரையில் ஒரு இரைச்சல் பட்டை ஊர்ந்து போகும்.

நாலு வினாடி என்ன பெரிய விஷயம்னு கேட்கலாம். கல்யாண வீடியோ பார்த்தவங்களுக்குத் தெரியும். முகூர்த்தம் கால் மணி நேரம்; மேடைக்கு ஆள் வந்து நின்று, மொய் கொடுத்து, கேமராவைப் பார்த்துட்டு இறங்குவதுதான் முக்கால் மணி நேரம். ஒரு ஆளுக்கு நாலஞ்சு வினாடி. நாமெல்லாம் வேகமா ஓட்டிவிடுகிற பகுதி. முப்பது வருஷம் கழித்துப் பார்த்தால் கேசட்டில் மதிப்புள்ள பகுதி அதுதான்னு எனக்குத் தோணுது. ஆடி மாசம் மொய் விருந்து போட்டு, யார் யாருக்கு எவ்வளவு செய்தாங்கன்னு நோட்டுப் போட்டு வைக்கிற ஊர் கீரமங்கலமும் வடகாடும். மொய் நோட்டில் பெயர் இருக்கும். முகம் கேசட்டில் மட்டும்தான். வெட்டினால் ரெண்டு மூணு பேர் போவாங்க. யாருன்னு ஓட்டிப் பார்க்காமல் தெரியாது.

அக்காவிடம் கேட்டேன். அவங்க அம்மாவிடம் கேட்டாங்க. பதில் ஒரே வரியில் வந்தது: “யாரையும் வெட்ட வேண்டாம்னு சொல்லுப்பா.”

அண்ணன் பரணிலிருந்து தன் கடைசி டெக்கை இறக்கினார். “இதுக்கும் வயசாயிருச்சு. போனா போகட்டும்.” கசங்கலை விரலால் நீவி, இரண்டு வழவழப்பான அட்டைகளுக்கு நடுவில் வைத்து லேசான பாரத்தில் ஒரு நாள் விட்டோம். முழுசா நேராகலை. நாலு முறை ஓட்டிப் பதிவு செய்தோம். நாலாவது முறை முடியும்போது ஹெட் மங்கிவிட்டது. அந்த டெக் இனி ஓடாது.

கசங்கல் கீழ் ஓரத்தில்னு சொன்னேன் இல்லையா. கீழ் ஓரம்னா கோட்டின் தொடக்கம், திரையில் மேல் பகுதி. அதனால் அந்தப் பத்து வினாடியில் படம் குதித்தது, ஆட்கள் எல்லாரும் வந்தாங்க, ஆனால் தலை இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைப் புள்ளி. கீழே வேட்டி, சேலை, கால் எல்லாம் தெளிவு. எனக்கு ஏமாற்றம். வீடியோ காலில் பார்த்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு அப்படி இல்லை. ஒரு காலைப் பார்த்துட்டு, “இது வடக்கு வீட்டு சின்ன மாமா, சாய்ச்சு சாய்ச்சு நடப்பார்”னாங்க. அடுத்ததையும் சொன்னாங்க. சேலையைப் பார்த்துச் சொன்னாங்க.

அப்பா நல்லாவே வந்திருந்தார். நடந்தார், திரும்பினார், சிரித்தார். குரல்? கல்யாண வீடியோவில் குரல் இருக்காது. ஸ்டுடியோவில் ‘மிக்ஸிங்’ பண்ணும்போது நாதஸ்வரமும் சினிமாப் பாட்டும் போட்டு அசல் சத்தத்தை அழித்துவிடுவார்கள். அதுதான் அன்றைய ஃபேஷன், காசும் அதுக்குத்தான். எனக்கு அந்தப் பழக்கத்தின்மேல் இன்னும் கோபம் உண்டு. அண்ணனிடம் சொன்னேன். “பாட்டுப் போடலைன்னா கேசட்டை வாங்கவே மாட்டாங்க தம்பி”ன்னார். அதுவும் உண்மைதான்.

ஆனால் பந்திக் காட்சியில் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் சில வினாடி இடைவெளி. மிக்ஸிங் பண்ணினவர் கவனிக்காமல் விட்டிருக்கார். இலை சத்தம், யாரோ சாம்பார் கேட்கும் சத்தம், பிறகு மாப்பிள்ளை யாரிடமோ, “ஃபேனை அந்தப் பக்கம் திருப்பிவிடுடா, பெருசுக்கு வேர்க்குது பாரு.” மேல் ஓரத்தில், ஒரு மில்லிமீட்டர் அகலத்தில், அது தப்பியிருந்தது.

அக்கா அந்தத் துண்டை மட்டும் தனியா வெட்டி அனுப்பச் சொன்னாங்க. அனுப்பினேன். அதுக்குப் பதில் மெசேஜ் ஒரு வாரத்துக்கு வரலை.

இதைவிட நல்லா பண்ண முடியுமா

முடியும். ‘விஎச்எஸ்-டீகோட்’ என்று ஒரு திறந்தமூல மென்பொருள் இருக்கு. சாதாரணமா டெக், ஹெட்டிலிருந்து வரும் சிக்னலைத் தானே படமாக மாற்றித்தான் வெளியே தரும். இதில் அந்த வேலையை டெக்கிடம் விடுவதில்லை. ஹெட்டிலிருந்து வரும் கச்சா சிக்னலை அப்படியே பிடித்து, ஒரு மணி நேரத்துக்கு நூறு ஜிபி அளவில் சேமித்து, படமாக்கும் வேலையைக் கணினியில் செய்கிறார்கள். நடுக்கத்தையும் அங்கேயே சரிசெய்யலாம். பழைய டிவி கார்டு ஒன்றைக் கொஞ்சம் மாற்றியமைத்தால் போதும். நல்ல விஷயம், கச்சா சிக்னல் கையில் இருந்தால் பத்து வருஷம் கழித்து மென்பொருள் மேம்பட்டதும் திரும்பவும் முயற்சி பண்ணலாம்.

இந்த மென்பொருளின் பூர்வீகம் சுவாரசியமானது. 1086-இல் இங்கிலாந்தில் நிலக் கணக்கெடுத்து எழுதிய டூம்ஸ்டே புத்தகத்தின் 900-ஆம் ஆண்டுக்கு, 1986-இல் பிபிசி ஒரு டிஜிட்டல் டூம்ஸ்டே தயாரித்தது. பள்ளிப் பிள்ளைகள் ஊர் ஊராகத் தகவல் சேர்த்து லேசர் டிஸ்க்கில் ஏற்றினார்கள். பதினைந்து வருஷத்துக்குள் அதைப் படிக்கும் கருவிகளே அரிதாகிவிட்டன. தோலில் எழுதிய 1086 புத்தகம் இன்னைக்கும் படிக்கலாம். அந்த லேசர் டிஸ்க்கைக் காப்பாற்றும் முயற்சிகளோடு சேர்ந்து வளர்ந்ததுதான் ‘எல்டி-டீகோட்’. அதன் கிளைதான் நம்ம விஎச்எஸ்-டீகோட்.

எவ்வளவு நல்ல மென்பொருள் இருந்தாலும் நாடாவை ஓட்ட ஒரு டெக் வேணும். விசிஆர் தயாரித்த கடைசி நிறுவனம் ஜப்பானின் ஃபுனாய். அது 2016 ஜூலையோடு நிறுத்தியது. 2024-இல் ஃபுனாய் திவாலே ஆகிவிட்டது. யுனெஸ்கோ 2019-லேயே ‘காந்த நாடா எச்சரிக்கை’ என்று உலகம் முழுக்க ஆவணக் காப்பகங்களைக் கேட்டது. அவர்கள் சொன்ன கெடு சுமாராக 2025. அதன் பிறகு ஓட்டுவதற்குக் கருவியும் உதிரிப் பாகமும் கைவேலை தெரிந்தவரும் கிடைப்பது கஷ்டம் என்றார்கள். அந்த அண்ணனின் பரணைப் பார்த்த பிறகு எனக்கு அதில் சந்தேகம் இல்லை.

அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் மேரியன் ஸ்டோக்ஸ் என்ற பெண்மணி 1979 முதல் 2012-இல் இறக்கும் வரை டிவி செய்திகளை இரவு பகலாக வீட்டில் பதிவு செய்தார். சுமார் 70,000 கேசட். இன்டர்நெட் ஆர்கைவ் அதை எடுத்துக்கொண்டது. நமக்கு அப்படி ஒருவர் வேண்டாம், ஆளுக்கு ரெண்டு கேசட் போதும். புதுக்கோட்டை காகிதத்துக்கும் கல்லுக்கும் கொடுத்துவைத்த ஊர். திருக்கோகர்ணத்தில் 1910-லேயே அருங்காட்சியகம் வந்துவிட்டது. அதே திருக்கோகர்ணத்தில் கிருஷ்ணமூர்த்தி, டோரதி தம்பதி சொந்தக் காசில் உருவாக்கிய ஞானாலயா நூலகம் இருக்கு. ஆனால் கேசட்டை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது?

இதில் கல்யாணம் மட்டும் இல்லை என்பதுதான் என் கவலை. 1990-களின் தொடக்கத்தில் இந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். எழுத்தோடு சேர்த்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். பி. சாய்நாத் எழுதி உலகத்துக்கே தெரிந்த கதை. அதே வருஷங்கள்தான் கல்யாண வீடியோ ஊர் ஊருக்குப் பரவின வருஷங்களும். பெண் வீட்டுக்கு வெளியே கேமரா ஒரு தடவை திரும்பினாலே, பின்னணியில் அந்தத் தெரு இருக்கும், அந்த சைக்கிள் இருக்கும். விடிய விடிய நடந்த வள்ளி திருமணம் நாடகம், இன்றைய விதிகள் வருவதற்கு முந்தைய வாடிவாசல், நார்த்தாமலை பூச்சொரிதல் எல்லாம் யாரோ ஒருவர் தோளில் கேமரா வைத்து எடுத்தது, யாரோ ஒருவர் பரணில் கிடக்கு.

அதனால் இந்த வாரம் ஊருக்குப் போறவங்க பரணில் கை விட்டுப் பாருங்க. கேசட் கிடைத்தால் ஓட்டாதீங்க. கேசட் முதுகில் ஒரு சின்ன பிளாஸ்டிக் நாக்கு இருக்கும், அதை உடைத்துவிடுங்க. தப்பித் தவறியும் அதன்மேல் எதுவும் பதிவாகாது. படுக்க வைக்காமல், புத்தகம் மாதிரி நிமிர்த்தி வையுங்க. வெள்ளைப் பூச்சு தெரிந்தால் மற்ற கேசட்டிலிருந்து பிரித்து, சிலிக்கா ஜெல்லோடு மூடுங்க. ஓடுகிற டெக் யாரிடமாவது இருந்தால், பழைய இரும்புக்காரரிடம் போடுவதற்கு முன்னால் எனக்கு ஒரு மெசேஜ் பண்ணுங்க. அந்த அண்ணனுக்கு இப்போ ஒண்ணு தேவைப்படுது. அக்காவோட மிச்ச ரெண்டு கேசட் இன்னும் டப்பாவுக்குள்ளதான் இருக்கு.